உறுமி மேளமும் உயர்நீதிமன்றமும்

சிங்கப்பூரில் ஃபேரர் பார்க் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயில் கோபுரம் கண்ணில் படும். தைப்பூசத்தன்று காவடிகள் புறப்படுவது அங்கிருந்துதான். சிராங்கூன் சாலையிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில் வரை சுமார் 4 கிலோமீட்டர் நடை. நம் தோட்டங்களிலிருந்து அதைப் பார்க்கப் போய் வருகிறவர்கள் ஒரு கேள்வியையும் கூடவே கொண்டு வருவார்கள். "பத்துமலையிலே உறுமி அந்தப் போடு போடுதே, அங்கே மட்டும் ஏன் இத்தனை கட்டுப்பாடு?"

பதில் சொல்ல ஆளுக்கா பஞ்சம்? "சட்டத்திலேயே மேளத்துக்கு இடமில்லை" என்பார் ஒருவர். "அதெல்லாம் கோர்ட்டிலே நாம் ஜெயிச்சாச்சு" என்பார் இன்னொருவர். இரண்டும் தவறு.

நடந்தது இதுதான். 1973 முதல் ஊர்வலத்தில் இசைக்கருவிகளுக்குத் தடை இருந்தது. போட்டிக் குழுக்களுக்கிடையே நடந்த சண்டைகளை அதிகாரிகள் காரணமாகச் சொன்னார்கள். 2015-இல் பக்தர்கள் சிலர் இது சமய உரிமையைப் பாதிக்கிறது என்று உயர்நீதிமன்றத்துக்குப் போனார்கள். மனு தள்ளுபடியாயிற்று. ஆனால் அடுத்த ஆண்டே, 2016-இல், ஊர்வலப் பாதையில் மூன்று இடங்களில் நேரடி இசைக்கு அனுமதி வந்தது. 2019-இல் மேலும் தளர்த்தினார்கள். அதாவது, நீதிமன்றம் தராததை நிர்வாகம் தந்தது. உரிமை வேறு, அனுமதி வேறு என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் பாடநூலும் காட்டாது. அனுமதியை இவ்வாண்டு கூட்டலாம், வரும் ஆண்டு குறைக்கலாம். உரிமையை அப்படிச் செய்ய முடியாது.

இதையெல்லாம் வக்கீலிடம் கட்டணம் கட்டித்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா? வேண்டியதில்லை. தீர்ப்பு முழுவதும் இணையத்தில் இலவசமாகக் கிடக்கிறது. (இணையம் என்ற சொல்லையே நமக்குத் தந்தவர் சிங்கப்பூர்த் தமிழாசிரியர் நா. கோவிந்தசாமி. ஆசிரியன் என்ற முறையில் எனக்கு அதில் கொஞ்சம் கர்வம் உண்டு.) ஒவ்வொரு தீர்ப்புக்கும் வீட்டு எண் மாதிரி ஓர் எண் இருக்கிறது. உறுமி வழக்கின் எண் 2015 எஸ்.ஜி.எச்.சி. 244. முதலில் ஆண்டு, பிறகு சிங்கப்பூர் உயர்நீதிமன்றத்தைக் குறிக்கும் நான்கு ஆங்கில எழுத்துகள், கடைசியில் அந்த ஆண்டின் வரிசை எண். இந்த ஒரு வரியைத் தட்டினால் போதும், கதவு திறக்கும்.

தீர்ப்பு என்ன முடிவு என்று சொல்லும். அந்த முடிவு சரிதானா என்று எடைபோடுவது சட்டப் பேராசிரியர்களின் கட்டுரைகள். அவை முன்பெல்லாம் பல்கலைக்கழக நூலகத்துக் கனத்த தொகுதிகளுக்குள் அடைந்து கிடந்தன. இன்று நிலைமை மாறியிருக்கிறது. 1959-இல் மலாயாப் பல்கலைக்கழகத்தின் பெயரில் தொடங்கி, இன்று சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகச் சட்டத்துறை நடத்தும் ஆய்விதழின் கட்டுரைகள் அதன் தளத்தில் கிடைக்கின்றன. சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகம் தன் ஆசிரியர்களின் எழுத்துகளுக்கென்று ஒரு களஞ்சியமே வைத்திருக்கிறது.

இன்னும் அச்சேறாத புத்தம் புதிய கட்டுரை வேண்டுமா? எஸ்.எஸ்.ஆர்.என். என்ற தளத்துக்குப் போகவேண்டும். 1994-இல் அமெரிக்காவில் தொடங்கிய இதில், உலகமெங்கும் உள்ள சட்ட அறிஞர்கள் தங்கள் கட்டுரையின் முன்வரைவைத் தாங்களே போட்டுவைக்கிறார்கள். 2016-இல் எல்சவியர் என்ற பெரிய பதிப்பகம் இதை வாங்கியபோது, இனிக் காசு கேட்பார்களோ என்று பயந்தவர்கள் உண்டு. பெரும்பாலான கட்டுரைகள் இன்றும் இலவசமே. கூகுள் ஸ்காலரில் தேடினாலும் சரி. ஒரு பக்கத்தில் பணம் கேட்டால் மனந்தளராமல் அந்தக் கட்டுரையின் கீழே உள்ள 'எல்லாப் பதிப்புகளும்' என்பதைத் தட்டிப் பாருங்கள். ஆசிரியரே போட்ட இலவசப் பிரதி பல சமயம் அங்கே ஒளிந்திருக்கும். அதுவும் இல்லையென்றால் கட்டுரையாளருக்கே ஒரு மின்னஞ்சல் எழுதிக் கேட்கலாம். கேட்பதில் குறைவொன்றும் இல்லை.

ஓர் எச்சரிக்கை. முன்வரைவு என்பது வெந்துகொண்டிருக்கும் சோறு. மற்ற அறிஞர்கள் பார்த்துத் திருத்துமுன் வெளிவந்தது. அதில் உள்ள கருத்து நாளை மாறலாம். கருத்து மாறாவிட்டாலும் சட்டம் மாறியிருக்கலாம். 2015 தீர்ப்பை மட்டும் படித்துவிட்டுப் பேசுகிறவருக்கு 2016 தளர்வு தெரியாது அல்லவா?

பகிர்வதில்தான் நம்மவர்கள் கோட்டை விடுகிறார்கள். ஓவன் ரோட்டில் இருக்கும் என் அக்காள் வீட்டுக்கு ஒருமுறை தைப்பூசத்துக்கு முந்தின வாரம் போயிருந்தேன். பாதை முழுக்க மேளத்துக்கு அனுமதி என்று ஒரு வாட்ஸாப் செய்தி வந்திருந்தது. அக்காள் மகன் உறுமிக் குழுவுக்கு முன்பணம் கொடுக்கக் கிளம்பிக்கொண்டிருந்தான். "இதிலே தேதி எங்கேடா?" என்றேன். "நூறு பேர் அனுப்பியிருக்காங்க மாமா, பொய்யா இருக்குமா?" என்றான். அத்தான் இந்து அறக்கட்டளை வாரியம் அந்த ஆண்டுக்கு வெளியிட்ட விதிகளைத் தேடி எடுத்தார். செய்தியில் இருந்தது ஒன்று, விதியில் இருந்தது வேறு. முன்பணம் பையிலேயே தங்கியது.

அன்றுமுதல் அந்த வீட்டில் ஒரு வழக்கம் வந்திருக்கிறது. எதை அனுப்பினாலும் தலைப்பு, எழுதியவர் பெயர், ஆண்டு, மூலத்தின் முகவரி, இந்த நான்கும் இருக்கவேண்டும். துண்டுப் படம் கூடாது. கட்டுரை முழுவதையும் நகலெடுத்துப் பரப்புவதும் முறையல்ல. முகவரியை அனுப்பினால் யாருக்கும் தொல்லையில்லை. கீழே தமிழில் இரண்டு வரி எழுதவேண்டும் என்பது நான் சேர்த்த நிபந்தனை. சட்ட ஆங்கிலம் படித்தவர்களையே மிரட்டுகிறதே, அம்மாக்களும் தாத்தாக்களும் என்ன செய்வார்கள்?

நமக்கு எதற்குச் சிங்கப்பூர்ச் சட்டம் என்று கேட்கலாம். அந்நாட்டு அரசியல் சட்டத்தின் 15-ஆம் விதி சமய உரிமையைத் தருகிறது. பொது ஒழுங்கு, பொதுச் சுகாதாரம், நல்லொழுக்கம் பற்றிய பொதுச் சட்டங்களுக்கு விரோதமான செயலை அது அனுமதிப்பதில்லை. மலேசிய அரசியல் சட்டத்தின் 11-ஆம் விதியை எடுத்துப் பாருங்கள். அதன் ஐந்தாம் பிரிவில் ஏறக்குறைய அதே வாசகம் இருக்கிறது.