இழை அறுந்தால் அடிப்போமா?

காஞ்சியிலே, பிள்ளையார்பாளையத்துத் தெருவிலே நடந்து பாருங்கள், தோழர்களே! தறிச் சத்தம் காதில் விழும். பாவிலே ஓர் இழை அறுகிறது. நெசவாளி என்ன செய்கிறார்? தறியை நிறுத்துகிறார். குனிந்து பார்க்கிறார். அறுந்த முனைகளைத் தேடி எடுத்து, முடிச்சிட்டு, பிறகுதான் மேலே நெய்கிறார். ஏன் அறுந்தாய் என்று இழையை அடிக்கும் நெசவாளியைக் கண்டவர் உண்டா?

பட்டு நூலுக்குக் காட்டும் அந்தப் பரிவைப் பெற்ற பிள்ளைக்குக் காட்டுகிறோமா? இதுதான் கேள்வி.

ஒரு காலம் இருந்தது. கோர்வைச் சேலைக்குக் கரை கோக்க, பள்ளி செல்ல வேண்டிய வயதிலே சிறுவர்கள் தறியின் ஓரத்தில் உட்கார்ந்து நாடா தள்ளினார்கள். பிறகு அந்தக் கைகள் புத்தகம் பிடித்தன. 2020ஆம் ஆண்டு கொரோனா பள்ளிக்கூடங்களைப் பூட்டியது. பாடம் கைபேசி வழியே வந்தது. கூலியை நம்பிய குடும்பங்களும் கடன்பட்டுக் கைபேசி வாங்கின. பாடம் வந்த வழியிலேயே பழியும் வந்தது!

முன்பும் பழி தூற்றுவோர் இருந்தார்கள். மொட்டைக் கடிதம் எழுதினார்கள். இரவோடிரவாகச் சுவரிலே கரிக்கட்டியால் கிறுக்கினார்கள். விடிந்ததும் சுண்ணாம்பு அடித்தால் மறைந்தது. இன்றைய சுவரோ ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் இருக்கிறது! நிறத்தைச் சொல்லி, சாதியைச் சொல்லி, தகப்பன் தொழிலைச் சொல்லி ஏளனம். வகுப்புத் தோழர்கள் குழுவிலே ஒருவனைக் குறிவைத்துக் கேலி. பெண் பிள்ளையின் முகத்தை வெட்டி வேறோர் உடலிலே ஒட்டி மிரட்டல். பள்ளி மணி அடித்தாலும் அது நிற்பதில்லை; படுக்கை வரை தொடர்ந்து வருகிறது.

பிள்ளை இதை எப்படிச் சமாளிக்கிறது? பெரும்பாலும் வாய் திறவாமல்தான்! தூக்கம் கெடுகிறது. சோறு இறங்கவில்லை. வயிற்றுவலி என்று பள்ளிக்குப் போக மறுக்கிறது. கைபேசி மணி ஒலித்தால் திடுக்கிடுகிறது. வீட்டிலே சொன்னால் என்ன ஆகும்? கைபேசியைப் பிடுங்குவார்கள், படிப்பை நிறுத்துவார்கள், "நீ ஒழுங்காக இருந்தால் இது வருமா?" என்பார்கள். தூற்றுகிறவனுக்கு அஞ்சுவதைவிடப் பெற்றவனுக்கு அஞ்சுகிறது பிள்ளை. வெட்கப்பட வேண்டாமா நாம்?

மிகைப்படுத்துகிறேன் என்று எண்ணாதீர்கள். தறி ஓடும் இன்னொரு மாவட்டம் சேலம். அங்கே 2016 ஜூன் மாதம், விசைத்தறித் தொழிலாளி ஒருவரின் மகள், 21 வயதுப் பட்டதாரி, இப்படி ஒட்டப்பட்ட படத்துக்கு இலக்கானார். குடும்பத்தார் காவல் துறையிடம் புகார் கொடுத்தார்கள். நாட்கள் நகர்ந்தன, தொல்லை ஓயவில்லை. அந்தப் பெண்ணை நாம் இழந்தோம். தாம் எவருக்கும் படம் அனுப்பவில்லை, பெற்றோரே நம்பவில்லையே என்று அவர் எழுதி வைத்திருந்ததாகச் செய்திகள் கூறின. மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் பெற்றோரிடம் மன்னிப்புக் கேட்டார். இளைஞன் ஒருவன் கைதானான். போன உயிர் வந்ததா? அந்தப் பெற்றோரைக் குறை கூறும் உரிமை நமக்கில்லை. பாடம் கற்கும் கடமை இருக்கிறது. பட்டதாரிக்கே இந்தப் பாரம் என்றால், 14 வயதுப் பிள்ளை எப்படித் தாங்கும்?

ஆகவே, பிள்ளை வந்து சொல்லும்போது நம் வாயிலிருந்து வரவேண்டிய முதல் சொல், "உன்னை நம்புகிறேன்" என்பதே. அதுதான் முடிச்சு. மற்றவை பிறகு. வந்த செய்தியை அழிக்காதீர்கள். திரையில் தெரிவதை அப்படியே படம் பிடித்து வையுங்கள். பதிலுக்கு ஏச வேண்டாம். கேட்ட பணத்தைக் கொடுக்க வேண்டாம். 1930 என்ற எண்ணிலும், மாவட்ட சைபர் குற்றப் பிரிவிலும் புகார் செய்யலாம். குழந்தைகளுக்கு 1098, மனம் தளர்ந்தோருக்கு 14416. ஒட்டப்பட்ட ஆபாசப் படத்தைப் புகார் வந்த 24 மணி நேரத்துக்குள் நீக்க வேண்டும் என்று 2021ஆம் ஆண்டு விதிகளே நிறுவனங்களுக்குக் கெடு வைத்தன. 18 வயதுக்குட்பட்டோருக்கு 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டமும் காவல் நிற்கிறது.

வாய் திறந்தால் பயன் உண்டா? உண்டு! காணொளியைக் காட்டி மிரட்டிய பொள்ளாச்சிக் கும்பல்மீது 2019இல் ஒரு பெண் துணிந்து புகார் கொடுத்தார். 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை சிறை என்று தீர்ப்பளித்தது.

இறுதியாக, நம் வீட்டுக் குப்பையையும் கூட்டுவோம். மாற்றுக் கட்சியினரின் வீட்டுப் பெண்களை இழித்துப் பேசும் படம் கைபேசிக்கு வந்தால், சிரித்துவிட்டு நாலு பேருக்கு அனுப்புகிறவர் நம்மிலே இல்லையா? கொள்கையைக் கொள்கையால் சந்திப்பவனுக்கு அந்தக் கயமை எதற்கு? தகப்பன் தள்ளிவிடுவதைப் பார்த்துத்தான் மகன் பள்ளிக் குழுவிலே தள்ளிவிடக் கற்கிறான்.

இன்று இரவு, தறி ஓய்ந்ததும், பிள்ளையின் அருகே உட்காருங்கள். கைபேசியைக் கேட்காதீர்கள்; முகத்தைப் பாருங்கள். "எது வந்தாலும் என்னிடம் சொல், நான் உன் பக்கம்" என்று சொல்லுங்கள். இழை அறுவது இயல்பு, தோழர்களே! முடிச்சிடத் தெரிந்தவர்கள் நாம்!