விங்கர் உள்ளே வந்துட்டா கோட்டுக்கு யார் போறது?

போன எபிசோட் கேட்டுட்டு ஒரு நண்பர் கேட்டார்: "ஃபுல்பேக் டிஃபென்டர்தானே, அவருக்கு எதிரணி பாக்ஸ் பக்கத்துல என்ன வேலை?" நியாயமான கேள்வி. ஆனா பதில் ஃபுல்பேக்கிட்ட இல்ல, அவருக்கு முன்னாடி ஆடுற விங்கர்கிட்ட இருக்கு.

பழைய விங்கர் கோட்டை ஒட்டியே ஓடிப் போய் கிராஸ் போடுவார். வலது பக்கம் வலதுகால்காரர், இடது பக்கம் இடதுகால்காரர். ஃபுல்பேக் பெரும்பாலும் பின்னாலயே நிப்பார். அப்புறம் பக்கத்தை மாத்தி நிறுத்த ஆரம்பிச்சாங்க. பயர்ன் மியூனிக்ல ராபனைப் பார்த்திருப்பீங்க. வலது பக்கத்துல இருந்து உள்ளே வெட்டி வந்து இடது கால்ல அடிப்பார். அதைத்தான் செய்யப் போறார்னு ஸ்டேடியத்துக்கே தெரியும், ஆனாலும் தடுக்க முடியாது.

இப்போ கோட்டுப் பக்கம் காலி. அங்க யாருமே இல்லன்னா எதிரணி நிம்மதியா நடுவுல சுருங்கிக்கும். அதனால அந்த அகலத்தைக் கொடுக்க ஃபுல்பேக் மேலே ஏறுறார். 2018-19 லிவர்பூல்ல சலாவும் மானேவும் உள்ளே வந்து பிரீமியர் லீக்ல ஆளுக்கு 22 கோல் அடிச்சாங்க. வெளியே ஓடின டிரென்ட் அலெக்சாண்டர்-அர்னால்டுக்கு 12 அசிஸ்ட், ராபர்ட்சனுக்கு 11.

குவார்டியோலா இதையே தலைகீழா செஞ்சார். 2017-18 மான்செஸ்டர் சிட்டியில இடதுகால்காரர் சானே இடது கோட்டுலயே நின்னார். அங்க இன்னொருத்தர் எதுக்கு? அதனால லெஃப்ட்-பேக் டெல்ஃப் (அவர் அடிப்படையில மிட்ஃபீல்டர்) உள்ளே வந்து ஃபெர்னாண்டினியோ பக்கத்துல நிப்பார். பந்து பறிபோனா நடுவுல வர்ற கவுன்டரைத் தடுக்க அங்க ஏற்கெனவே ஆள் ரெடி. அந்த சீசன் சிட்டிக்கு 100 பாயின்ட்.

நம்ம கோட் மாதிரிதான், ஒரு இடத்துல கை வெச்சா இன்னொரு இடத்துல உடையும். லிவர்பூல் முறையில உடையுற இடம் ஃபுல்பேக்கோட முதுகுக்குப் பின்னால. 2021 ஏப்ரல், சாம்பியன்ஸ் லீக் காலிறுதி. ரியல் மாட்ரிட்டோட குரூஸ் தன் பாதியில இருந்தே ஒரு நீளமான பாஸ் போட்டார். டிரென்டுக்கும் சென்டர்-பேக்குக்கும் நடுவுல ஓடின வினிசியஸ் அதைக் கோலாக்கிட்டார். அந்த மேட்ச் 3-1.

உடனே எல்லாரும் டிரென்டுக்கு டிஃபென்ட் பண்ணத் தெரியலன்னாங்க. அன்னிக்கு அவர் தப்பு பண்ணார், மறுக்கல. ஆனா அவ்வளவு மேலே ஆடச் சொன்னது அவரோட டீம்தான். 12 அசிஸ்ட்டை டீம் கணக்குலயும் கோலை அவர் கணக்குலயும் எழுதுறது எனக்குச் சரியாப் படல.

அடுத்த மேட்ச் பார்க்கும்போது ஒரு அஞ்சு நிமிஷம் பந்தை விட்டுடுங்க. விங்கர் எங்க நிக்கிறார்னு மட்டும் பாருங்க, ஃபுல்பேக் எங்க போவார்னு நீங்களே சொல்லிடுவீங்க.