காலை மடக்கி மிதக்கும் வைரஸ்

உயிரியல் பாடப்புத்தகத்தில் அந்தப் படத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. பல பட்டைகள் கொண்ட தலை, நேரான வால், அடியில் நாலாபுறமும் விரிந்த ஆறு கால்கள். நிலவில் வந்து இறங்கிய விண்கலம் போலவே இருக்கும். ஈ.கோலை பாக்டீரியாவைத் தாக்கும் டி4 என்ற வைரஸ் அது. பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்களுக்கு ஃபேஜ் என்று பெயர். படத்தில் பொய் இல்லை. ஆனால் தண்ணீரில் மிதந்து திரியும்போது டி4 அப்படி இருப்பதில்லை. கால் இழைகளில் பெரும்பாலானவை மேல்நோக்கி மடங்கி, வாலோடும் தலையோடும் ஒட்டிக்கிடக்கும். அவ்வப்போது ஒன்றிரண்டு நீளும், மறுபடி மடங்கும். இது தெளிவாகத் தெரிந்தது 2015-இல்தான்.

ஏன் இத்தனை தாமதம்? டி4-இன் தலை சுமார் 120 நானோமீட்டர் நீளம், 86 நானோமீட்டர் அகலம். சாதாரண நுண்ணோக்கியில் அதன் உறுப்புகளைப் பிரித்துப் பார்க்க வழியே இல்லை. எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் ஃபேஜ்களை முதலில் பார்த்தவர்களில் ஒருவர் ஜெர்மனியின் ஹெல்முட் ருஸ்கா, ஆண்டு 1940. ஆனால் அந்தக் கருவிக்குள் வெற்றிடம். உள்ளே போகும் பொருள் காய்ந்துதான் ஆகவேண்டும், காய்ந்தால் சப்பையாகிவிடும். 1959-இல் கேம்பிரிட்ஜில் சிட்னி பிரென்னரும் ராபர்ட் ஹார்னும் கன உலோக உப்புக் கரைசலில் ஃபேஜ்களைத் தோய்த்துப் படமெடுத்தார்கள். கறுத்த பின்னணியில் வைரஸ் வெளிறித் தெரிந்தது. வாலின் உறையும் அதற்குள் ஓடும் குழாயும் தனித்தனியே பிரிந்து தெரிந்தன.

ஆனாலும் படம் தட்டைதான். இதற்கு ஆரன் க்ளூக்கும் டேவிட் டிரோசியரும் 1968-இல் கண்ட தீர்வுதான் இந்தத் துறையின் ஆக அழகான யோசனை என்பேன். டி4 வாலின் உறையில் ஒரே புரதம் 138 முறை வருகிறது: வளையத்துக்கு ஆறு, மொத்தம் 23 வளையங்கள். ஒவ்வொரு வளையமும் கீழே உள்ளதைவிடக் கொஞ்சம் திரும்பியிருக்கும். அப்படியானால் ஒரே வாலின் ஒரே படத்தில் அந்தப் புரதம் பல கோணங்களில் ஏற்கெனவே பதிவாகியிருக்கிறது. அவற்றைக் கணக்குப் போட்டுச் சேர்த்து, ஒற்றைப் படத்திலிருந்தே முப்பரிமாண உருவத்தை எடுத்தார்கள். க்ளூக்குக்கு 1982-இல் வேதியியல் நோபல் கிடைத்தது.

உலர்த்தாமல் பார்க்கும் வழி 1980-களில் வந்தது. ஃபேஜ் கலந்த நீரை மெல்லிய படலமாக்கி, கடுங்குளிரான திரவ ஈத்தேனுக்குள் சட்டென்று அமிழ்த்துவார்கள். பனிப் படிகம் உருவாக நேரமில்லாமல் நீர் கண்ணாடிபோல இறுகிவிடும், வைரஸ் இருந்தபடியே நின்றுவிடும். கிரையோ எலெக்ட்ரான் நுண்ணோக்கியியல் என்பது இதுதான். 2017-இன் வேதியியல் நோபல் இதற்குத்தான்.

இந்தப் படங்களையும் படிகங்களில் எக்ஸ் கதிர் பாய்ச்சிப் பெற்ற விவரங்களையும் சேர்த்தால் தாக்குதலின் வரிசை புரிகிறது. மடங்கிய இழைகள் விரிந்து பாக்டீரியாவின் மேற்பரப்பைப் பற்றுகின்றன. வாலின் அடித்தட்டு உருமாறுகிறது. அந்த அசைவு வளையம் வளையமாக மேலே பரவ, சுமார் 92 நானோமீட்டர் நீண்டிருந்த உறை 42 நானோமீட்டராகச் சுருங்குகிறது. உள்ளிருக்கும் குழாய் சுருங்காது. எனவே அது கீழே பாய்ந்து வெளிச்சவ்வைத் துளைக்கிறது. முனையில் லைசோசைம் நொதி இருக்கிறது. பாக்டீரியாவின் சுவரை அரித்து வழிவிடுவது இதன் வேலை. பிறகு குழாய் வழியே வைரஸின் டிஎன்ஏ உள்ளே போகிறது.

ஊசி போடுவதைப் போல என்று இதை விளக்குவது வழக்கம். அது பாதிதான் சரி. மருந்தைத் தள்ளும் தண்டு எதுவும் இங்கே கிடையாது. சுமார் 57 மைக்ரோமீட்டர் நீள டிஎன்ஏ, தன் நீளத்தில் நானூறில் ஒரு பங்குகூட இல்லாத தலைக்குள் திணிக்கப்பட்டிருக்கிறது. அதைத் திணிப்பது ஒரு புரத மோட்டார். ஃபை29 என்ற இன்னொரு ஃபேஜில் 2001-இல் அளந்தபோது, திணித்த பிறகு உள்ளே இருக்கும் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல ஏறத்தாழ 60 மடங்கு என்று கணக்கிட்டார்கள். குழாயின் வழி திறந்ததும் டிஎன்ஏ வெளியேறத் தொடங்க இந்த இறுக்கமே உதவுகிறது.

சுருங்கும் வாலின் இதே வடிவமைப்பு பாக்டீரியாவிடமும் உண்டு. காலரா கிருமி தன் உடலுக்குள் ஃபேஜ் வாலின் உறவான ஓர் உறையை நீட்டிக் கட்டி, ஆயிரத்தில் சில நொடிகளில் சுருக்கி, பக்கத்து பாக்டீரியாவைக் குத்துவதை 2012-இல் படம்பிடித்தார்கள். டி4-இன் வால் ஒருமுறை சுருங்கினால் முடிந்தது. காலரா கிருமியோ சுருங்கிய உறையைப் பிரித்தெடுத்து, அந்தப் புரதங்களை வைத்தே அடுத்ததைக் கட்டிவிடுகிறது.