மெல்லத் தேயும் மலையும் நொடியில் சரியும் மலையும்



ஓசூரிலிருந்து சூளகிரி வழியாகக் கிருஷ்ணகிரிக்கு வரும் நெடுஞ்சாலையின் இருமருங்கிலும் மொட்டைப் பாறைக் குன்றுகள் நிற்பதை நாம் நாள்தோறும் காண்கிறோம். கிருஷ்ணகிரி நகருக்கு மேலே கோட்டையுடன் காட்சி தரும் சையத் பாஷா மலையும், ராயக்கோட்டைக் குன்றும் அவ்வகையினவே. தொழிற்சாலைப் பணிக்கு விரைந்து செல்லும் நமக்கு அவை என்றும் மாறாதவையாகத் தோன்றுகின்றன. ஆனால், வல்ல அல்லாஹ் படைத்த இந்தப் பூமியின் மேற்பரப்பு ஓயாமல் மாறிக்கொண்டே இருக்கிறது. பல தலைமுறைகள் பார்த்தாலும் கண்ணுக்குப் புலப்படாத மெதுவான மாற்றம் ஒருவகை. ஓரிரவில் ஊரின் முகத்தையே மாற்றிவிடும் விரைவான மாற்றம் மற்றொருவகை. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள தொடர்பை அறிந்துகொள்வது நம் குடும்பங்களின் உயிர்ப் பாதுகாப்போடு சம்பந்தப்பட்ட விஷயமாகும்.

மெதுவான மாற்றம்

இப்பகுதியின் பாறைகள் ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன்னர், பூமிக்குள் பல கிலோமீட்டர் ஆழத்தில், கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவானவை. இன்று அவை வெளியே தெரிகின்றன என்றால், அவற்றின் மேல் கிடந்த அத்தனை கனமான பாறையும் தேய்ந்து கரைந்து ஆறுகளின் வழியே கடலைச் சென்றடைந்துவிட்டது என்றுதான் பொருள். மேலிருந்த சுமை நீங்கியதும் அடியிலிருந்த பாறை சற்றே விரிந்து, வெங்காயத் தோலைப் போல அடுக்கடுக்காகப் பிளக்கிறது. நம் குன்றுகள் வழுவழுப்பாக, உருண்டு திரண்டு காணப்படுவதற்கு இதுவே காரணம்.

அப்பிளவுகளில் மழைநீர் இறங்குகிறது. காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயு கலந்திருப்பதால் அந்நீர் மிக மென்மையான அமிலமாக இருக்கிறது. அது பாறையிலுள்ள ஃபெல்ஸ்பார் என்னும் கனிமத்தைச் சிறிது சிறிதாகக் களிமண்ணாக்குகிறது. எளிதில் கரையாத குவார்ட்ஸ் மணலாக உதிர்கிறது. பாறையிலுள்ள இரும்பு துருவேறி மண்ணுக்குச் செந்நிறம் தருகிறது. ஆலும் அரசும் பாறை இடுக்குகளில் வேர்விட்டு அவற்றை மேலும் அகலப்படுத்துகின்றன. கிருஷ்ணகிரியின் மாந்தோப்புகளைத் தாங்கி நிற்கும் செம்மண் இவ்வாறு பிறந்ததே. ஒரு சென்டிமீட்டர் மண் உருவாகச் சில நூறு ஆண்டுகள் செல்லும் என்றால், நாம் உண்ணும் ஒரு மாங்கனிக்குப் பின்னால் எத்துணை நீண்ட கால ஏற்பாடு இருக்கிறது என்பதைச் சிந்திக்க வேண்டும்.

உதிர்ந்த மணலையும் மண்ணையும் சுமந்து செல்வது ஆறு. கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் தோன்றி, அங்கே தட்சிண பினாகினி என்று அழைக்கப்படும் தென்பெண்ணை, ஓசூர் அருகே தமிழகத்தினுள் நுழைகிறது. கெலவரப்பள்ளி, கிருஷ்ணகிரி, சாத்தனூர் ஆகிய அணைகளைக் கடந்து கடலூர்ப் பகுதியில் வங்கக் கடலில் கலக்கிறது. நாம் வகுத்த மாநில எல்லையை நீரும் மண்ணும் அறிவதில்லை. அணையில் நீரின் வேகம் தணியுமிடத்தில் அந்த மண் வண்டலாகப் படிகிறது. கரைந்துபோன குன்றின் ஒரு பகுதி அந்த வண்டலில் இருக்கிறது.

விரைவான மாற்றம்

2024 நவம்பர் 30 அன்று இரவு புதுச்சேரி அருகே ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தது. வலுவிழந்த பின்னரும் அது உள்மாவட்டங்களில் பெருமழையைக் கொட்டியது. டிசம்பர் 2ஆம் தேதி காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் நமது மாவட்டத்தின் ஊத்தங்கரையில் 50 செ.மீ. மழை பதிவாயிற்று. இம்மாவட்டத்தில் ஓராண்டு முழுவதும் பெய்யும் சராசரி மழையில் இது பாதிக்கும் மேலாகும். ஏரி நிரம்பி வழிந்த வெள்ளம், சாலையோரம் நிறுத்தியிருந்த கார்களையும் வேன்களையும் இழுத்துச் சென்றதை நாடே பார்த்தது.

அதற்கு முந்தைய நாள், டிசம்பர் 1 மாலை, ஊத்தங்கரைக்குக் கிழக்கே ஏறத்தாழ 60 கி.மீ. தொலைவிலுள்ள திருவண்ணாமலையில், மலையடிவாரத்து வ.உ.சி. நகர் வீடொன்றின்மீது மண்ணும் பாறையும் சரிந்தன. ஏழு பேர் உயிரிழந்தனர். அவர்களுள் ஐவர் குழந்தைகள்.

சகோதரர்களே! மலைச்சரிவு அந்த ஒருநாள் மழையில் மட்டும் பிறப்பதில்லை. பாறை மட்கி உண்டான தளர்ந்த மண்ணும் அதில் புதைந்த உருண்டைக் கற்களும் சரிவின்மீது நெடுங்காலமாகச் சேர்ந்துகொண்டே வருகின்றன. கனமழை அம்மண்ணின் நுண்துளைகளை நிரப்பும்போது எடை கூடுகிறது. உள்ளே தேங்கிய நீரின் அழுத்தத்தால் மண்ணின் பிடிப்பு தளர்கிறது. பிடிப்பைவிட எடை மிகுந்த நொடியில் சரிவு நிகழ்கிறது. ஆயிரமாயிரம் ஆண்டுகள் ஆயத்தம் செய்ததை ஒரு மாலைப்பொழுது முடித்து வைக்கிறது.

நில அதிர்ச்சியும் அவ்வாறே. நமது இந்தியத் துணைக்கண்டம் ஆண்டுக்குச் சுமார் 5 செ.மீ. வடக்கு நோக்கி நகர்கிறது. அதனால் பாறைகளில் மெல்ல மெல்லச் சேரும் இறுக்கம் ஒருநாள் உடைந்து வெளிப்படுகிறது. 1819 ஜூன் 16 அன்று குஜராத்தின் கட்ச் பகுதியில் அப்படி ஓர் அதிர்ச்சி ஏற்பட்டது. சிந்திரி என்னும் கோட்டையும் அதனைச் சூழ்ந்த நிலமும் தாழ்ந்து நீரில் மூழ்கின. அதற்கு வடக்கே, சமதரையாக இருந்த இடத்தில், ஏறத்தாழ 80 கி.மீ. நீளத்துக்கு நிலம் மேடாக எழுந்து ஆற்றின் போக்கையே தடுத்தது. மனிதர் கட்டிய அணைகளைப் பார்த்துப் பழகியிருந்த அப்பகுதி மக்கள், மனிதக் கை படாத அந்த மேட்டுக்கு ‘அல்லாஹ் பந்த்’, அதாவது அல்லாஹ்வின் அணை, என்று பெயரிட்டார்கள். இன்றும் புவியியல் நூல்களில் அதன் பெயர் அதுவே. அந்த அணையும் நிலைக்கவில்லை. 1826ஆம் ஆண்டில் சிந்து நதி வெள்ளம் அதனை ஊடறுத்துச் சென்றது.

நமது நிலைப்பாடு

இத்தகைய நிகழ்வுகளின்போது நம்மிடையே ஒரு தவறான பேச்சு எழுகிறது. இறந்தவர்கள் என்ன பாவம் செய்தார்களோ என்று சிலர் தீர்ப்பளிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். அண்ணல் நபி (ஸல்) அவர்களின் மழலை மைந்தர் இப்ராஹீம் மறைந்த நாளில் சூரிய கிரகணம் ஏற்பட்டது. அக்குழந்தையின் மறைவால்தான் கிரகணம் வந்தது என்று மக்கள் பேசிக்கொண்டபோது, எவருடைய இறப்புக்காகவும் பிறப்புக்காகவும் கிரகணம் ஏற்படுவதில்லை என்று நபியவர்கள் தெளிவுபடுத்தினார்கள். சொந்தத் துயரத்தின் நடுவிலும் இயற்கையின் நியதியைத் தம் குடும்பத்தோடு இணைத்துப் பேச அவர்கள் இடந்தரவில்லை. நில அதிர்ச்சியின் பெயரிலேயே திருக்குர்ஆனில் ஓர் அத்தியாயம் (99) உண்டு. அது நம்மை நாமே எண்ணிப் பார்ப்பதற்காக அமைந்தது. மண்ணில் புதைந்த குழந்தைகளைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் உரிமையை அது எவருக்கும் தரவில்லை.

மலை தேய்வதையும் மழை பொழிவதையும் நம்மால் நிறுத்த இயலாது. அவற்றின் பாதையில் வீடு கட்டாமல் இருக்க இயலும். ஓசூரில் தொழில் பெருகப் பெருக, வெளியூர்களிலிருந்து வந்த குடும்பங்கள் சிறுகச் சிறுகச் சேமித்து மனை வாங்குகின்றன. விலை மலிவு என்பதை மட்டும் பார்க்காதீர்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் ‘அ’ பதிவேட்டையும் புலப்படத்தையும் கேட்டு, அந்த இடம் ஏரியாகவோ ஓடையாகவோ வாய்க்காலாகவோ குறிக்கப்பட்டுள்ளதா என்று பாருங்கள். அவ்வூர் முதியவர்களிடம், பெருமழையில் தண்ணீர் எவ்வழியே போகும் என்று கேளுங்கள். வறண்டு கிடக்கும் ஓடை செத்துப்போன ஓடையன்று.

மலைச்சரிவின் அருகே வசிப்போர், நிலத்தில் புதிய வெடிப்புகள் தோன்றினாலோ, மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்தாலோ, கதவுகள் திடீரெனச் சட்டத்தில் இறுகினாலோ, ஊற்றுநீர் கலங்கி வந்தாலோ தாமதியாமல் வெளியேற வேண்டும். இரவு முழுவதும் மழை நீடிக்கும் என்று எச்சரிக்கை வந்தால், இருட்டும் முன்னரே குழந்தைகளையும் முதியோரையும் பாதுகாப்பான இடத்துக்கு அனுப்பிவிடுங்கள். மேடான இடத்திலுள்ள பள்ளிவாசல்களையும் மதரஸாக்களையும் அத்தகைய இரவுகளில் சாதி, சமயம் பாராமல் அனைவருக்கும் திறந்து வைக்க ஜமாஅத் நிர்வாகிகள் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். காரணங்களைப் பேணுவது தவக்குலுக்கு முரணானதன்று. தவக்குலின் முதற்படியே அதுதான்.

மெதுவான மாற்றத்தின் நன்மையை உணர்ந்து நன்றி செலுத்தவும், விரைவான மாற்றத்தின் அடையாளங்களை அறிந்து முன்னெச்சரிக்கையோடு வாழவும், பாதிக்கப்பட்டோருக்கு முதலில் ஓடிச்சென்று உதவவும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் நல்லருள் புரிவானாக. ஆமீன்.