நட்டுக்கும் போல்ட்டுக்கும் பொருத்தம்!

பிள்ளைக்கும் பெண்ணுக்கும் பத்துப் பொருத்தம் பார்க்கிறோம். நட்டுக்கும் போல்ட்டுக்கும் பொருத்தம் பார்க்க வேண்டும் என்றால் சிரிப்பீர்கள். பழைய காரை வாங்கிப் புதுப்பிக்கும் பிரியர்களிடம் சொல்லிப் பாருங்கள். அவர்கள் சிரிக்க மாட்டார்கள். ஸ்டீயரிங்கைப் பிடித்திருக்கும் போல்ட்டு ஓடுகிற ஓட்டத்தில் கழன்றால், போவது கார் மட்டுமல்லவே!

எம்.ஜி. டி.சி. என்ற குட்டிக் காரை எடுத்துக்கொள்ளுங்கள். இருவர் மட்டுமே உட்காரலாம். 1945 முதல் 1949 வரை இங்கிலாந்தில் சுமார் 10,000 கார்கள் செய்தார்கள். கடல் தாண்டி அமெரிக்காவுக்கும் பல போயின. அங்கே அதைப் புதுப்பிக்கிறவருக்கு ஓர் ஆசை எழுவது இயற்கை. "ஆகாய விமானத்துக்குப் போடும் போல்ட்டையே இதற்கும் போட்டுவிட்டால் என்ன?"

ஆசையில் தவறில்லை. 'ஏ.என்.' என்னும் அமெரிக்க விமானப் போல்ட்டு, சதுர அங்குலத்துக்கு 1,25,000 ராத்தல் இழுப்பைத் தாங்கும். துரு ஏறாதிருக்கக் காட்மியப் பூச்சும் உண்டு. இதைவிடக் கடினமான போல்ட்டு மோட்டார் சாமான் கடையிலேயே கிடைக்கும். ஆனால் விமானப் போல்ட்டு சொன்ன அளவு பிசகாது. படக்கென்று ஒடியாமல், முதலில் வளைந்து கொடுக்கும்.

அப்படியானால் வில்லங்கம் எங்கே? மரையில்தான்!

கால் அங்குல ஏ.என். போல்ட்டில் அங்குலத்துக்கு 28 மரைகள். டி.சி.யின் அடிச்சட்டத்தில் உள்ள பிரிட்டிஷ் நட்டிலோ 26. மரையின் கோணமும் வேறு: அமெரிக்காவில் 60 டிகிரி, பிரிட்டனில் 55. இரண்டு சுற்று சுகமாக ஏறும், பிறகு இறுகும். "பலே, நன்றாகப் பிடித்துவிட்டது!" என்று ஸ்பானரால் அழுத்தினீர்களோ, மரை நசுங்கிவிடும். பிடித்தாற்போல் பாசாங்கு செய்து, நடுவழியில் கைவிடும்.

எஞ்சினிலோ இன்னொரு வேடிக்கை! மரை மெட்ரிக் அளவு; போல்ட்டின் தலை மட்டும் பிரிட்டிஷ் அளவு. அந்த எஞ்சின் தொழிற்சாலை முன்பு ஹாட்ச்கிஸ் என்ற பிரெஞ்சுக் கம்பெனியுடையது. 1923-ல் மாரிஸ் அதை வாங்கினார். யந்திரங்கள் மெட்ரிக் மரைதான் வெட்டின. உள்ளூர் மெக்கானிக்கின் ஸ்பானர் பொருந்தட்டும் என்று தலையை மட்டும் மாற்றிக்கொண்டார்கள்!

விமானப் போல்ட்டேதான் வேண்டுமா? அதற்கும் வழி உண்டு. இரண்டாம் உலகப் போர்க் காலத்துப் பிரிட்டிஷ் விமானங்களில் இருந்ததும், டி.சி.யின் அடிச்சட்டத்தில் இருப்பதும் ஒரே ஜாதி மரை. அந்த வகை போல்ட்டைத் தேடி வாங்கினால் சம்பந்தம் பொருந்தும்.

மரை ஒத்துப்போனால் போதாது. நீளமும் பார்க்க வேண்டும். துவாரத்துக்குள் இருக்க வேண்டியது மரையில்லாத வழுவழுப்பான உடல். மரை உள்ளே நின்றால் அங்கேதான் முறியும்.

நேச நாடுகள் போரில் பட்ட இந்த அவஸ்தைக்குப் பிறகே, 1948-ல் அமெரிக்கா, பிரிட்டன், கானடா மூன்றும் ஒரே மரைக்கு உடன்பட்டன. அதற்கு முன் பிறந்த கார்களுக்கு உங்கள் விரலே ஜோசியர். சாதாரண நட்டு ஒன்றை விரலாலேயே திருகிப் பாருங்கள். கடைசி வரை முரண்டு பிடிக்காமல் வந்தால், ஸ்பானரை எடுங்கள். கெட்டிமேளம் கொட்டட்டும்!