கதிருக்குள் ஒரு தொழிற்சாலை

'பயிர்' என்ற சொல்லை உணவோடு சேர்த்தே புழங்கி வந்திருக்கிறோம். அந்தச் சேர்க்கை எவ்வளவு தற்காலிகமானது என்பதை 2002இல் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் நடந்த சம்பவம் காட்டியது.

புரதத்தைக் கட்டுவதற்கான குறிப்பு மரபணுவில் இருக்கிறது. அதை வாசிக்கும் முறை பாக்டீரியா, பன்றி, மக்காச்சோளம் எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். எனவே, பன்றியைத் தாக்கும் வைரஸின் மரபணு ஒன்றைத் தகுந்த முடுக்கியோடு மக்காச்சோளச் செல்லில் நுழைத்தால், செடி 'இது என்னுடையதில்லையே' என்று கேட்பதில்லை; அந்நியப் புரதத்தைத் தன் விதையில் சேர்த்து வைக்கிறது. உலர்ந்த விதைக்குள் அது கெடாமலும் கிடக்கும். எஃகுத் தொட்டி வேண்டாம். மண்ணும் மழையும் வெயிலும் போதும். மூலதனத்துக்கு இதைவிட மலிவான ஆலை கிடைக்குமா?

புரோடிஜீன் நிறுவனம் இப்படித்தான் பன்றிகளின் வயிற்றுப்போக்குக்கான தடுப்பூசிப் புரதத்தை விளைவித்தது. 2001இல் சோதனை நடந்த நிலத்தில் மறுவருடம் சோயா விதைத்தார்கள். உதிர்ந்து கிடந்த சோளம் சும்மா இருக்குமா? சோயாவுக்கு நடுவே தானாக முளைத்தது. அங்கே அறுத்த சுமார் 500 புஷல் சோயா, கிடங்கில் 5 லட்சம் புஷலோடு கலந்துவிட்டது. யார் தட்டுக்கும் போகுமுன் பிடிபட்டது என்றாலும் மொத்தத்தையும், அதாவது சுமார் 13,600 டன்னையும், ஒதுக்க வேண்டியதாயிற்று. நிறுவனத்துக்கு அபராதம் 2.5 லட்சம் டாலர். சோயாவை வாங்கி அழிக்கும் செலவு சுமார் 30 லட்சம் டாலர்.

இதை 'விஷம் கலந்துவிட்டது' என்று மட்டும் வாசித்தால் ஏமாந்துபோவோம். அந்தப் புரதம் தின்றவரைக் கொன்றிருக்கும் என்பதற்கு ஆதாரமில்லை. பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது. உணவு/மருந்து என்கிற எல்லை சட்டத்தின் காகிதத்தில் இருக்கிறது, செடியின் உடலில் இல்லை. கண்ணுக்கு இரண்டும் ஒரே சோளம்தான். அமெரிக்கச் சோதனை அனுமதி ஆவணங்களிலோ எந்த மரபணு, எந்த வயல் என்பதெல்லாம் பல நேரம் 'வணிக ரகசியம்' என்று மறைக்கப்பட்டன. பக்கத்து வயல்காரருக்கே தெரியாது. ஆபத்து பொது, அறிவு மட்டும் தனியுடைமை.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. கோஷே என்னும் அரிய பரம்பரை நோய்க்கு 2012இல் அமெரிக்கா அனுமதித்த நொதி மருந்தொன்று கேரட் செல்களில் தயாராகிறது. அவை வளர்வது வயலில் அல்ல, மூடிய பைகளில். அங்கே காற்றில் பறக்க மகரந்தமில்லை, உதிர விதையில்லை.

ஆக, தாவரத்துக்குள் அந்நியப் புரதம் என்பதே பாவமில்லை. 'இயற்கைக்கு விரோதம்' என்று கூவிவிட்டு நாம் ஒதுங்கிக்கொண்டால் கம்பெனிக்குத்தான் வசதி. எந்தச் செடியில், எந்த இடத்தில், யாருக்குத் தெரிந்து என்று கேட்கத் தொடங்கினால்தான் அதற்குச் சங்கடம்.