பயணத்தில் வயிற்றுப்போக்கா? தண்ணீரை நிறுத்தாதீங்க!



திங்கள், வெள்ளிக்கிழமைகளில் சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயிலுக்குக் குழந்தை குட்டிகளோடு வெளியூர்க்காரர்கள் வருவதைப் பார்க்கிறோம். நாமும் சமயபுரம், வேளாங்கண்ணி என்று போய் வருகிறோம். போன இடத்தில் பிள்ளைக்கு வயித்தால போனால் என்ன செய்வீங்க என்று குழுக் கூட்டங்களில் கேட்டோம். "தண்ணி குடுத்தா இன்னும் போவும், பஸ்ஸுல அசிங்கமாயிடும். அதனால குடுக்க மாட்டோம்" என்று பலரும் சொன்னார்கள். இதுதான் ஆபத்து. பேதியில் உயிரை எடுப்பது, உடம்பிலிருந்து தண்ணீரும் உப்பும் வெளியேறுவதுதான். போனதை ஈடுகட்டியே ஆக வேண்டும்.

பெற்றவர்களே காப்பாற்றினார்கள்

1971-ல் பங்களாதேஷ் போரின்போது, மேற்கு வங்கத்தில் பங்கான் என்ற ஊரின் அகதிகள் முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் பாட்டில்கள் தீர்ந்துகொண்டிருந்தன. டாக்டர் திலீப் மகலநாபிஸ், குளுக்கோஸ், உப்பு, சோடா உப்பு மூன்றையும் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கச் சொன்னார். நோயாளிகளின் சொந்தக்காரர்களே அதைக் குடிக்க வைத்தார்கள். நூற்றுக்கு 30 பேர் வரை இறந்துகொண்டிருந்த நிலை மாறி, சாவு நாலுக்கும் கீழே குறைந்தது. சர்க்கரை சேர்ந்தால்தான் குடல் உப்பையும் தண்ணீரையும் நன்றாக உறிஞ்சும். அதுதான் இதன் சூட்சுமம்.

செய்ய வேண்டியவை

* பயணப் பையில் இரண்டு ஓ.ஆர்.எஸ். பாக்கெட் வையுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கும்.
* பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுப் பாக்கெட்டையும் கரையுங்கள். ஒரு லிட்டர் பாக்கெட் என்றால் ஒரு லிட்டர் பாட்டில் தண்ணீர் சரியாக இருக்கும். 24 மணி நேரத்துக்குப் பிறகு மீதியைக் கொட்டிவிடுங்கள்.
* பாக்கெட் இல்லையா? கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலை தட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பு கூடக் கூடாது.
* ஒவ்வொரு தடவை போன பிறகும் 2 வயதுக்குள் கால் முதல் அரை டம்ளர், பெரிய பிள்ளைகளுக்கு அரை முதல் ஒரு டம்ளர். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு, ஸ்பூனால் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள்.
* தாய்ப்பாலை நிறுத்தாதீங்க. கஞ்சி, மோர், இட்லி கொடுக்கலாம்.
* கலர், சோடா வேண்டாம். 'ஓ.ஆர்.எஸ்.' என்று பெயர் போட்ட இனிப்புப் பானங்களும் கடையில் விற்றன. அப்படிப் பெயர் போடக் கூடாது என்று 2025 அக்டோபரில் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது.
* ஊர் திரும்பியதும் கிராம சுகாதார செவிலியரிடம் ஜிங்க் மாத்திரை கேளுங்கள். 14 நாள் கொடுக்க வேண்டும்.

உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்

கண் குழி விழுந்தால், பிள்ளை துவண்டு போனால், எதையும் குடிக்க முடியாவிட்டால், ஆறு மணி நேரம் சிறுநீர் போகாவிட்டால், மலத்தில் ரத்தம் வந்தால் தாமதிக்க வேண்டாம்.

இன்னொன்று. வழியில் கழிப்பறை இருக்காது என்று நாம் தண்ணீரே குடிக்காமல் கிளம்புகிறோம். அந்த உடம்புக்குப் பேதி வந்தால் சீக்கிரமே சோர்ந்துவிடும். நமக்கும் அதே கரைசல்தான், தாகம் தீரக் குடிக்கலாம்.

அடுத்த குழுக் கூட்டத்தில் ஒருவர் கரைத்துக் காட்டுங்கள், எல்லோரும் ருசி பாருங்கள். கண்ணீரை விட உப்பு கரிக்கக் கூடாது!